ஊருக்கு விறகுக் கணக்கு போடுவது எப்படி

அரிசி ஆலைகளுக்கும் சூளைகளுக்கும் விறகு பிடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். பேராவூரணி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று இந்த வட்டாரத்தில் எந்தத் தோப்பில் மட்டை கிடக்கிறது, எந்த ஏரிக்கரையில் கருவேல் ஏலம் வருகிறது என்பது அத்துப்படி. சமீப காலமாக வேறு ஆட்களும் தேடி வருகிறார்கள். "எங்கள் பேரூராட்சியைப் பசுமை ஊராக்கணும், பயோமாஸ் பிளாண்ட் போடலாமா?" என்று கேட்பார்கள். விறகு, மட்டை, பயிர்க்கழிவை எரித்துக் கரண்ட்டோ சூடோ எடுக்கிற நிலையத்தைத்தான் சொல்கிறார்கள். கையில் மெஷின் கம்பெனி கொடுத்த வண்ணப் புத்தகம் இருக்கும். அதில் எத்தனை கிலோவாட், எவ்வளவு மானியம், எல்லாம் இருக்கும். எரிக்கப் போவது என்ன, அது ஐப்பசி மழையில் எங்கிருந்து வரும் என்பது மட்டும் இருக்காது.

மெஷின் கடைசியில் வாங்க வேண்டியது. முதலில் யாருக்கு என்ன சூடு வேண்டும் என்று பாருங்கள். அடுத்து, ஊரைச் சுற்றி உண்மையில் என்ன மிச்சம் இருக்கிறது. அப்புறம் அது மழைக்காலம் தாண்டுமா. இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் மெஷின் அளவு தானாக வந்துவிடும்.

கரண்ட்டை ஒதுக்கி வையுங்கள்

எல்லோரும் கரண்ட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். சின்ன அளவில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, காய்ந்த விறகு ஒன்றே கால் கிலோவில் இருந்து ஒன்றரைக் கிலோ வரை போகும். 1 மெகாவாட் நிலையம் நாள் முழுக்க ஓடினால் 24,000 யூனிட். 1.3 கிலோ என்று வைத்தாலும் தினம் 31 டன். தென்னை மட்டையை அப்படியே அள்ளிப் போட்டால் ஒரு டிராக்டர் டிப்பரில் ஒரு டன் ஏறினாலே பெரிது. தினமும் 31 டிராக்டர் உங்கள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வரும். ஞாயிறும் வரும், பொங்கலன்றும் வரும். இத்தனைக்கும் விறகில் இருக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கரண்ட்டாக மாறாது. அதே விறகை நல்ல பாய்லரில் எரித்தால் முக்கால் பங்கு சூடாகவே கைக்கு வரும்.

வெளிநாட்டு ஊர்களை உதாரணம் காட்டுவார்கள். ஆஸ்திரியாவில் கூசிங் என்று ஒரு சின்ன ஊர். 1990-இலேயே நிலக்கரி, எண்ணெயை விடுவதென்று தீர்மானம் போட்டு, காட்டு மரத்தை வைத்து வீடுகளுக்குச் சுடுநீர்க் குழாய் இழுத்து, 2001-இல் மரத்தை வாயுவாக்கி 2 மெகாவாட் மின்சாரமும் எடுத்தார்கள். உலகமே போய்ப் பார்த்தது. பிறகு மர விலை ஏறியது, மின்சாரத்துக்குக் கிடைத்த சலுகை விலையும் முடிந்தது. அந்த வாயு நிலையம் நின்றுபோனது. அங்கே குளிருக்கு வீடு வீடாகச் சூடு வேண்டும், நமக்கு அது வேண்டாம். அதனால் அவர்கள் வரைபடத்தை இங்கே விரித்துப் பயனில்லை. நம்மூரில் சூடு வேண்டிய இடங்கள் வேறு. வெளிச்சத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கூரையில் சோலார் போட்டுக்கொள்ளுங்கள். விறகை அடுப்புக்கு விடுங்கள்.

அடுப்புகளைப் பட்டியல் எடுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுங்கள். ஹோட்டல், பேக்கரி, மிக்சர் போடுகிற இடம், கல்யாண மண்டபம், மாணவர் விடுதி, சத்துணவுக்கூடம், கோயில் அன்னதானம், நெல் அவிக்கும் ஆலை, மயானம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டே கேள்வி. மாதம் எத்தனை சிலிண்டர் அல்லது எவ்வளவு விறகு? எந்த மாதத்தில் அதிகம்?

சிலிண்டரை விறகாக மாற்ற ஒரு கைக்கணக்கு: 19 கிலோ கடை சிலிண்டர் செய்கிற வேலையை, புகைபோக்கி வைத்த நல்ல அடுப்பில் 100 முதல் 120 கிலோ காய்ந்த விறகு செய்யும். மூன்று கல் அடுப்பில் இதைப் போல இரண்டு பங்குக்கு மேல் போகும். அடுப்பை மாற்றினால் பாதி விறகு மிச்சம் என்பது இங்கேயே தெரிந்துவிடும். விறகு தேடி ஊர் ஊராய் அலைவதை விட அது மலிவு.

மயானத்தை விட்டுவிடாதீர்கள். திறந்த சிதைக்கு 400 கிலோவுக்கு மேல் விறகு போகிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிற, விறகை வாயுவாக்கி எரிக்கும் தகன மேடையில் அதில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு போதும். பேரூராட்சிக் கையில் நேரடியாக இருக்கிற அடுப்பு அதுதான். டெண்டர், அனுமதி எல்லாம் ஒரே மேசையில் முடியும். அரிசி ஆலைக்காரர் பெரும்பாலும் தன் உமியையே எரிப்பார். அவரை வாடிக்கையாளர் பட்டியலில் சேர்க்காதீர்கள். உமி மிஞ்சினால் விற்பாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுமார் 20,000 பேர் இருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் போட்டு, அடுப்புகளை மாற்றிய பிறகு நாளைக்கு 3 டன் காய்ந்த எரிபொருள் என்று வந்தால், வருஷத்துக்குச் சுமார் 1,100 டன். இனி இந்த எண்ணை வைத்தே பேசுகிறேன். உங்கள் ஊருக்கு உங்கள் நோட்டில் வந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சம் என்பது உண்மையில் எது

இந்த இடத்தில்தான் திட்ட அறிக்கைகள் எல்லாம் தடுமாறுகின்றன. வேளாண்மைத் துறைப் புள்ளிவிவரத்தை எடுப்பார்கள். இத்தனை ஏக்கர் தென்னை, ஏக்கருக்கு இத்தனை டன் கழிவு என்று பெருக்குவார்கள். வருகிற எண் மலை மாதிரி இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. "கழிவு" என்று அறிக்கையில் எழுதிவிட்டால் அதற்குச் சொந்தக்காரன் இல்லாமல் போய்விடுவானா?

தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். சிரட்டைக்கு கரி சுடுகிறவன் முன்பணம் கொடுத்துவிட்டான். தேங்காய் மட்டை கயிற்று ஆலைக்குப் போகிறது. அங்கே மிஞ்சும் நார்த்தூள் பிழியப் பிழியத் தண்ணீர். காயவைக்கிற செலவுக்கு அதை எரித்துக் கட்டாது, அதற்கு ஏற்றுமதிக் கிராக்கி வேறு. ஓலையில் கீற்று முடைகிறார்கள், ஈர்க்கில் விளக்குமாறு ஆகிறது. பாளையும் பன்னாடையும் தோப்பில் வேலை செய்கிற பெண்கள் வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோவது. அதன்மேல் கை வைக்கக் கூடாது. அவர்கள் அடுப்பைப் பறித்து ஹோட்டல் அடுப்பை எரிப்பதில் என்ன பசுமை?

மீதி அடிமட்டை. ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு வருஷம் 12 ஓலை விழும், காய்ந்த எடை ஓலைக்கு 2 கிலோ என்றால் ஏக்கருக்கு 1.6 டன் சொச்சம். இதில் நான் அரை டன்னைத்தான் கணக்கில் எடுப்பேன். பாதிக்கு மேல் மேலே சொன்னவர்களுக்கும், கொஞ்சம் மண்ணுக்கும். மரத்தைச் சுற்றிக் குழியெடுத்து மட்டையைப் புதைக்கிற தோப்புக்காரர் கோடையில் தண்ணீர் மிச்சம் பிடிக்கிறார். அவரிடம் போய் விலை பேசாதீர்கள். கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏக்கருக்கு அரை டன் என்றால் 1,100 டன்னுக்கு 2,200 ஏக்கர். எல்லாத் தோப்பும் தராது. மூன்றில் ஒன்று தரும் என்று வைத்தால் 6,600 ஏக்கர் தோப்பு உங்கள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊரைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் சுமார் 77,000 ஏக்கர் நிலம் அடங்கும். தென்னை அடர்ந்த எங்கள் பக்கத்தில் இது எட்டும். புஞ்சை வட்டாரத்தில் எட்டாது. அங்கே பருத்தி மார், துவரை மார் (அறுவடைக்குப் பிறகு நிற்கிற காய்ந்த செடித்தண்டு), கடலைத் தோல் என்று பார்க்க வேண்டும். அவை ஒவ்வொன்றும் வருஷத்தில் சில வாரங்களே கிடைக்கும்.

வைக்கோலை நான் சேர்ப்பதில்லை. மாடு தின்கிற பொருள் என்பது முதல் காரணம். அது போக, அறுவடை மெஷின் சிதறிப் போட்டதைக் கட்டு கட்டும் வண்டி வைத்துத்தான் அள்ள வேண்டும். கட்டுக்காரரும் கேரள வியாபாரியும் வயலிலேயே பேரத்தை முடித்துவிடுவார்கள். அதையும் தாண்டிக் கிடைத்தால் பாய்லரில் சிக்கல். வைக்கோல் சாம்பலில் மணல்சத்தும் பொட்டாஷும் அதிகம். சூட்டில் உருகிக் கம்பியில் கிட்டமாகப் பிடிக்கும். அதைக் கடப்பாரையால் பெயர்க்கிற பாய்லர்காரர் யாரைத் திட்டுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உமியும் சாம்பல் அதிகம்தான், எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை. ஆனால் அதற்கென்றே கட்டிய அடுப்பில் பழகிவிட்டது.

சீமைக் கருவேல் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நல்ல விறகுதான், நின்று எரியும், சூடு அதிகம், வெட்ட வெட்டத் துளிர்க்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போட்டே பிழைக்கிற ஊர்கள் உண்டு. ஆனால் அதை வேரோடு எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றக் கொள்கையே கொண்டுவந்தது. ஒழிக்க வேண்டிய மரத்தை நம்பி 20 வருஷத் திட்டம் போட்டால், அது ஒழியக் கூடாது என்று நீங்களே ஆசைப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். முதல் நான்கைந்து வருஷத்துக்குத் துணை எரிபொருளாக வையுங்கள், போதும். எடுத்த இடத்தில் என்ன நடுகிறோம் என்பதையும் ஏல நிபந்தனையிலேயே எழுதுங்கள். சவுக்கும் தைலமரமும் காகித ஆலைக்குப் போகிறவை. அவர்கள் விலைக்கு உங்களால் நிற்க முடியாது. தைலமரத் தோப்பைப் புதிதாகப் போடலாமே என்று யாராவது சொன்னால், புதுக்கோட்டை மாவட்ட விவசாயியிடம் நிலத்தடி நீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. திடீர் வரவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று தோப்புக்காரர்கள் கெஞ்சினார்கள். சூளைகளில் அடுக்க இடமில்லை. அந்த வருஷத்து விறகைப் பார்த்து யாராவது பாய்லர் போட்டிருந்தால், அடுத்த வருஷமே மட்டைக்கு அலைந்திருப்பார். புதுக்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். பத்து வருஷத்தில் மோசமான வருஷம் எதுவோ, அதற்குத் திட்டம் போடுங்கள்.

ஈரக் கழிவு தனிக் கணக்கு

ஊர்க் குப்பையை விறகோடு சேர்க்க வேண்டாம். ஆளுக்கு 300 கிராம் என்றால் 20,000 பேருக்கு நாளைக்கு 6 டன். அதில் பாதி ஈரக் கழிவு. 3 டன். நன்றாகப் பிரித்த சாப்பாட்டுக் கழிவு டன்னுக்கு 80 முதல் 100 கன மீட்டர் சாண எரிவாயு போன்ற வாயு தரும். நம்மூரில் வாழையிலையும் பிளாஸ்டிக் பையும் கலந்தே வரும் என்பதால் நான் 60 என்றுதான் போடுவேன். 180 கன மீட்டர். சமையல் வாயுக் கணக்கில் 80 கிலோ சொச்சம். அதாவது தினம் நான்கு கடை சிலிண்டர். விடுதியும் சத்துணவுக்கூடமும் பக்கத்தில் இருந்தால் குழாயில் விட்டுவிடலாம். கழிவைப் போட்டு வாயு எடுக்கிற தொட்டியைக் குப்பைக் கிடங்கில் கட்டிவிட்டு, வாயு வேண்டியவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அது காற்றில்தான் போகும். தொட்டி வைக்கும் இடத்தை அடுப்பு இருக்கும் இடமே முடிவு செய்யட்டும். ஹோட்டல், மண்டபம், காய்கறிச் சந்தை மூன்றிலிருந்தும் தனி வண்டியில் எடுங்கள். வீட்டுக் குப்பை பிறகு வரட்டும்.

வாங்குவது: ஈரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். காய்ந்த விறகு கிலோவுக்கு 3,400 கிலோ கலோரி தந்தால், பாதி ஈரமான விறகு 1,900 தேறினால் பெரிது. எடையில் பாதி தண்ணீர், அதை ஆவியாக்கவும் கொஞ்சம் சூடு போய்விடும். எடைக்குக் காசு என்றால் ஈரமாகக் கொண்டுவருகிறவன்தான் கெட்டிக்காரன். வண்டி கிளம்புமுன் மோட்டாரைப் போட்டு மட்டைமேல் ஓஸ் பிடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேல் அடுக்கு பொடி மாதிரி காய்ந்திருக்கும். நடுவில் கை விட்டால் குளிரும்.

அதனால் வண்டியின் மேலே இருந்து மாதிரி எடுக்காதீர்கள். கொட்டச் சொல்லுங்கள். கொட்டிய குவியலில் ஐந்து இடத்தில் இருந்து, அடியையும் சேர்த்து, ஒரு கூடை எடுங்கள். வெட்டுக்கத்தியால் விரல் நீளத்துக்கு நறுக்கி, தரையில் வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியைக் கலக்கி, திரும்பவும் நான்காகப் பிரியுங்கள். ஒரு கிலோ மிஞ்சும்வரை இப்படியே. அந்த ஒரு கிலோவை 105 டிகிரி அடுப்பில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் எடை போடுங்கள். 700 கிராம் இருந்தால் ஈரம் 30 சதவீதம். எங்கள் கையில் அடுப்பு இல்லாத காலத்தில் பேக்கரிக்காரர் சூளையில் தட்டை வைத்து எடுத்திருக்கிறோம். தோராயத்துக்கு அது போதும். தகராறு வந்தால் போதாது. குத்திப் பார்த்து ஈரம் காட்டுகிற ஊசி மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது மரத்துண்டுக்குத்தான் சரியாகக் காட்டும், மட்டைக்கு உளறும்.

விலையை 20 சதவீத ஈரத்துக்குப் பேசுங்கள். வந்த சரக்கில் ஈரம் 30 என்றால், 100-இல் 30 போக 70. அதை 80-ஆல் வகுத்து விலையோடு பெருக்குங்கள். டன்னுக்கு 3,000 ரூபாய் என்று பேசியிருந்தால் 2,625 கொடுக்க வேண்டும். 35-க்கு மேல் போனால் திருப்பி அனுப்புங்கள். முதல் வாரம் சண்டை வரும். மூன்றாவது வாரத்தில் காயவைத்துக் கொண்டுவருவார்கள், ஏனென்றால் காய்ந்ததற்கு இப்போது அதிகக் காசு. கல், மண், ஆணி இருந்தால் அதற்கும் ஒரு பிடித்தம் எழுதுங்கள். மட்டை அரைக்கும் மெஷினின் பிளேடு ஒரு கூழாங்கல்லுக்கே பல் போய்விடும்.

விலை எவ்வளவு என்பதைவிடக் காசு எப்போது வரும் என்பதுதான் தோப்புக்காரருக்குக் கவலை. அலுவலக பில் பாஸாகி மூன்று மாதம் கழித்து வங்கியில் ஏறும் என்றால் ஒரு மட்டையும் வராது. பக்கத்துச் சூளைக்காரர் கையில் ரொக்கம் வைத்திருப்பார். மகளிர் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ நடுவில் இருந்து, இரண்டு மாதக் கொள்முதலுக்கான சுழல்நிதியைக் கையில் வைத்து, சனிக்கிழமைதோறும் பட்டுவாடா செய்கிற மாதிரி ஏற்பாடு பண்ணுங்கள். தோப்பிலேயே அரைத்து எடுத்துவந்தால் ஒரு டிப்பரில் இரண்டு, இரண்டரை டன் ஏறும், வாடகை பாதியாகும். ஆகவே மெஷினை ஊர்க் கிடங்கில் ஊன்றாமல், டிராக்டரில் மாட்டுகிற மாதிரி வாங்கி, குழுவின் பொறுப்பில் சுற்றவிடுங்கள்.

ஒரே ஆளுக்கு மொத்த ஒப்பந்தம் வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு ஆலை அப்படிச் செய்தது. பக்கத்து மாவட்டத்தில் புதிதாக ஒரு பெரிய பாய்லர் வந்ததும், ஒப்பந்தக்காரர் சரக்கை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அபராதத் தொகை அவருக்குக் கிடைத்த லாபத்தில் தூசு. ஆலைக்காரர் கடலூர்ப் பக்கத்தில் இருந்து முந்திரி ஓடு வரவழைத்து ஒரு மாதம் ஓட்டினார். பாதியை ஒருவரிடம், மீதியை நான்கைந்து சின்ன ஆட்களிடம் என்று பிரித்துக் கொடுங்கள்.

மழைக்கு முன்னால்

புரட்டாசி முடிவதற்குள் 90 நாள் சரக்கு கிடங்கில் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தோப்புக்குள் டிராக்டர் இறங்காது, இறங்கினாலும் மட்டை காயாது. நாளைக்கு 3 டன் என்றால் 270 டன். அரைத்த சில்லு கன மீட்டருக்கு 250 கிலோ. 1,080 கன மீட்டர். மூன்று மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் 360 சதுர மீட்டர். வண்டிப் பாதை, தீ இடைவெளி எல்லாம் சேர்த்து இரண்டு மடங்கு: 18 சென்ட் வேண்டும். பேரூராட்சியிடம் இந்த இடம் இருக்கிறதா என்பதை, மெஷினுக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன்னால் பாருங்கள்.

கூரை போட்டால் போதாது. வாடை மழை வடகிழக்கில் இருந்து சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கத்தை அடைத்து மேற்கையும் தெற்கையும் திறந்து விடுங்கள். தரையை ஒரு முழம் உயர்த்துங்கள். ஈரச் சில்லை ஆளுயரத்துக்கு மேல் குவித்தால் உள்ளே வெந்து சூடேறும். ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் எப்போதும் செருகி வையுங்கள். காலையில் காவலாளி அதை உருவித் தொட்டுப் பார்க்கட்டும். கை பொறுக்காவிட்டால் அன்றைக்கே குவியலைப் பிரித்துக் கொட்டி, முதலில் அதை எரியுங்கள். பழைய சரக்கு முதலில் போக வேண்டும் என்பதால் கிடங்குக்கு இரண்டு வாசல் வைப்பது நல்லது.

சாம்பலுக்கும் வழி சொல்லிவிடுகிறேன். மட்டை, விறகுச் சாம்பல் தென்னைக்கு நல்ல பொட்டாஷ். சரக்கு இறக்கிய டிப்பர் காலியாகத் திரும்புவதால், அதிலேயே ஏற்றி அதே தோப்புக்கு அனுப்பலாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் போதும். வாயுத் தொட்டியில் மிஞ்சும் கூழுக்கும் அதே வண்டி. குப்பை கலந்து எரித்த சாம்பலை மட்டும் தோப்புக்கு அனுப்பக் கூடாது.

இவ்வளவும் நோட்டில் வந்த பிறகு, முதல் வருஷம் மயானம், ஒரு விடுதி, இரண்டு பெரிய ஹோட்டல் என்று நாளைக்கு ஒரு டன் அளவில் ஆரம்பியுங்கள். ஒரு மழைக்காலத்தைத் தாண்டட்டும். ஜனவரியில் கிடங்கில் எத்தனை நாள் சரக்கு மிஞ்சியிருக்கிறது என்று நிறுத்துப் பார்த்து, அதற்குத் தக்கபடி அடுத்த அடுப்புக்கு விலைப்புள்ளி கேளுங்கள்.